பிட்ஸ்பர்க் அலகேனி கவுண்டி நீதிமன்றம்: இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு வாசல் மட்டும் ஏன் இத்தனை தாழ்வு?

நதிக்கரை எழுதியது:

வணக்கம். குடியுரிமை வாங்கிய பிறகு முதல் தடவையாக ஜூரி டியூட்டிக்கு, அதாவது வழக்கில் நடுவர் குழுவில் உட்காரும் கடமைக்கு, கடிதம் வந்தது. போன வாரம் டவுன்டவுனில் கிராண்ட் தெருவில் இருக்கும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்துக்குப் போனேன். பத்து வருடமாக அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கிறேன், ஆனால் உள்ளே போனது அன்றுதான்.

வெளியே நின்று பார்த்தால் மலை மாதிரி இருக்கிறது. இளஞ்சிவப்புச் சாயல் உள்ள கிரானைட், கரடுமுரடாக விட்ட கல் முகம், நடுவில் பெரிய கோபுரம். ஆனால் தெருவிலிருந்து கதவைத் திறந்து உள்ளே போனதும் தலைக்கு மேலே தாழ்வான கூரை, தடித்த தூண்கள், குறைந்த வெளிச்சம். கிட்டங்கிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் தள்ளிப் படியேறினால் ஒரே அடியாக எல்லாம் மாறிவிடுகிறது. கல் வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும் அந்தப் படிக்கட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

இவ்வளவு அழகான படிக்கட்டை யோசித்தவர் வாசலை மட்டும் ஏன் இப்படி விட்டார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

நதிக்கரை, நீங்கள் நுழைந்தது வாசலே இல்லை. அது நிலவறை. கட்டடம் அப்படியேதான் இருக்கிறது, தெருதான் கீழே போய்விட்டது.

அந்த இடத்துக்கு கிராண்ட் குன்று என்று பெயர். 1758 செப்டம்பரில் மேஜர் ஜேம்ஸ் கிராண்ட் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, ஆற்று முனையில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த டுகேன் கோட்டையைத் தாக்க வந்தார். பிரெஞ்சுப் படையும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளும் அவர் படையைச் சிதறடித்தார்கள், அவரும் பிடிபட்டார். இரண்டு மாதம் கழித்து ஜெனரல் ஃபோர்ப்ஸ் பெரும்படையோடு நெருங்கியதும், பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள். தோற்றவர் பெயர் குன்றுக்கும் தெருவுக்கும் நிலைத்தது, ஜெயித்தவர் பெயர் ஃபோர்ப்ஸ் அவென்யூவுக்குப் போனது. இரண்டு தெருவும் இந்த நீதிமன்றத்தின் மூலையில்தான் சந்திக்கின்றன.

நகரம் வளர வளர அந்தக் குன்று வண்டிகளுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. ஊர்க்காரர்கள் அதைத் ‘திமில்’ என்றே அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே சில தடவை செதுக்கினார்கள். கடைசிப் பெரிய வெட்டு 1912, 1913இல் நடந்தது. நீதிமன்றம் கட்டி முடித்தது 1888இல். அதாவது கட்டி 25 வருடம் ஆன பிறகு வாசலுக்கு முன்னால் இருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். நிலவறைச் சுவர் வெளியே தெரிந்தது, உண்மையான வாசல் ஒரு மாடி உயரத்தில் தொங்கியது.

முதலில் அந்த வாசலுக்கு ஏற வெளியே பெரிய படிக்கட்டு கட்டினார்கள். அப்புறம் 1920களில் கிராண்ட் தெருவை அகலமாக்கும்போது அதையும் எடுத்துவிட்டு, நிலவறை மட்டத்திலேயே கதவு வைத்தார்கள். அதில்தான் நீங்கள் நுழைந்தீர்கள்.

எதிரே இருக்கும் ஃபிரிக் கட்டடத்துக்கும் (1902) இதே கதைதான். அதன் நிலவறையும் தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் உள்ள நகர-கவுண்டி அலுவலகக் கட்டடம் குன்றை வெட்டிய பிறகு, 1917இல் முடிந்தது. அதனால் அதன் பெரிய வளைவு வாசல் இன்றைய தெருவோடு சரியாக உட்கார்ந்திருக்கிறது. மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பாருங்கள், குன்று எவ்வளவு உயரம் இருந்தது என்று தானாகப் புரியும்.

---

விசாலம் எழுதியது:

இது இன்றுதான் எனக்குத் தெரிகிறது. நான் இங்கே வந்த புதிதில் ‘பார்க்கப் பெரிது, உள்ளே இருட்டு’ என்று ஊருக்கு எழுதினேன். அந்தக் கட்டடத்துக்கு அநியாயம் செய்துவிட்டேனே என்று இருக்கிறது.

ஒரு கேள்வி. அந்த வெளிப் படிக்கட்டைத் திரும்பக் கட்ட முடியாதா? தேசிய வரலாற்றுச் சின்னம் என்கிறார்கள், தலைவாசலே இல்லாமல் ஒரு சின்னமா?

---

கட்டுமானம்82 எழுதியது:

நான் சிவில் எஞ்சினியர், பழைய கல் கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். படிக்கட்டைத் திரும்பக் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் காரணம் இடம். கிராண்ட் தெரு இப்போது நடைபாதை வரை நெருங்கி நிற்கிறது. இரண்டாவது, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தெரு மட்டத்தில் கதவு இருப்பது பெரிய வசதி. வழக்குக்காக வருகிறவர்கள் யாரும் வேடிக்கை பார்க்க வருவதில்லை. மூன்றாவது, அந்தப் படிக்கட்டும் இந்தக் கட்டடத்தை வடிவமைத்த ரிச்சர்ட்சன் வரைந்தது இல்லை. அவர் வரைந்தபோது தெருவும் வாசலும் ஒரே மட்டம். உண்மையாகவே பழையபடி ஆக்க வேண்டுமானால் குன்றைத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஒன்று கவனித்தீர்களா? 1880களில் கார்னகியின் எட்கர் தாம்சன் உருக்காலை இதே கவுண்டியில் பிராடக்கில் ஓடிக்கொண்டிருந்தது. சிகாகோவில் 1885இல் உலோகச் சட்டகத்தில் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் எழுந்துவிட்டது. எஃகு நகரம் என்று பெயர் எடுத்த ஊரில், அதே நேரத்தில், சுமையைச் சுவரே தாங்கும் கல் கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்கள். கல்லும் உள்ளூர்க் கல் இல்லை, மாசசூசெட்ஸில் இருந்து ரயிலில் வந்தது.

அந்த வளைவுகளைப் பாருங்கள். ரிச்சர்ட்சன் எடுத்துக்கொண்டது பழைய ரோமனஸ்க் பாணி, அரைவட்ட வளைவு. இலைவேலை, பூவேலை என்று ஒட்டி அலங்கரிக்கவில்லை. ஒவ்வொரு வளைவுக் கல்லும் அளவில் பெரியது, வெளிமுகம் உடைத்த மேனிக்கே இருக்கும், ஆனால் கல்லும் கல்லும் சேரும் இணைப்பு துல்லியமாக இருக்கும். கல் வேலை தெரிந்தவர்கள் அந்த இணைப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். கட்டியது நார்கிராஸ் சகோதரர்கள் என்ற மாசசூசெட்ஸ் ஒப்பந்தக்காரர்கள். பாஸ்டன் டிரினிட்டி தேவாலயத்தையும் ரிச்சர்ட்சனுக்காக அவர்கள்தான் கட்டினார்கள். வரைந்தவர் மனதில் இருப்பது கொத்தனார் கைக்குத் தெரிந்திருந்தது, அதுதான் இதில் பாதி பலம்.

---

பழையவரைபடம் எழுதியது:

முன்கதையையும் சேர்த்துக்கொள்கிறேன். இது இந்தக் கவுண்டியின் மூன்றாவது நீதிமன்றம். கவுண்டி உருவானது 1788இல். முதல் நீதிமன்றம் இன்றைய மார்க்கெட் ஸ்கொயரில் இருந்தது. இரண்டாவதை ஜான் சிஸ்லெட் வரைந்தார், கிரேக்கத் தூண்களும் மேலே குவிமாடமும் வைத்து, இதே குன்றின் மேல். 1882 மே மாதம் அது தீயில் போனது.

உடனே புதிதாகக் கட்ட முடிவு செய்து, ஐந்து கட்டடக் கலைஞர்களை அழைத்து வரைபடம் கேட்டார்கள். டெக்சஸ், மிச்சிகன் மாநிலங்களின் தலைமைக் கட்டடங்களை வரைந்த எலைஜா மையர்ஸும் அதில் ஒருவர். 1884இல் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சனுக்கு வேலை கிடைத்தது. நீதிமன்றத்தோடு சேர்த்து அவர் வரைந்த சிறை 1886இல் முடிந்தது, நீதிமன்றம் 1888இல். கவுண்டிக்கு நூறு வயது நிறையும் வருடத்தில் புதுக் கட்டடம் தயார். திறப்பு விழாவில் ரிச்சர்ட்சன் என்ன நினைத்திருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன்.

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

பழையவரைபடம், ஒரு சின்னத் திருத்தம். ரிச்சர்ட்சன் அதைப் பார்க்கவில்லை. 1886 ஏப்ரல் 27 அன்று இறந்துவிட்டார், வயது 47. பல வருடமாகச் சிறுநீரக நோய். கடைசிக் காலத்தில், இதுவரை செய்த சின்ன வேலைகளுக்கே இவ்வளவு மரியாதை தருகிறார்களே, பிட்ஸ்பர்க் முடிந்ததைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று அவர் பேசியதாகப் பதிவாகியிருக்கிறது. தன்னை எடைபோட வேண்டுமானால் இந்த நீதிமன்றத்தையும் சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட் மொத்த வியாபாரக் கட்டடத்தையும் வைத்து எடைபோட வேண்டும் என்று விரும்பியிருக்கிறார். இரண்டுமே அவர் இறந்த பிறகுதான் முடிந்தன. சிகாகோ கட்டடத்தை 1930இல் இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நம் ஊரில் இருப்பதுதான்.

வேலையை முடித்துக் கொடுத்தது அவர் அலுவலகத்தில் இருந்த ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் மூவரும். அவர் வரைந்ததை மாற்றாமல் முடித்தார்கள் என்பதே பெரிய விஷயம்.

---

பழையவரைபடம் எழுதியது:

நன்றி, மாற்றிக்கொள்கிறேன். 47 வயதா! ஹார்வர்டில் படித்து, பாரிஸில் எகோல் தே போசார் என்ற கலைப் பள்ளிக்குப் போய் வந்து, வேலை தொடங்கியதில் இருந்து கணக்குப் போட்டால் முழுதாக இருபது சில்லறை வருடம்தான்.

---

மேற்குக்காற்று எழுதியது:

எல்லோரும் வாசலைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு இந்தக் கட்டடத்தில் உயிர் கோபுரம்தான். கிட்டத்தட்ட 250 அடி உயரம். கட்டிய காலத்தில் நகரத்திலேயே உயரமானது. பலரும் அதை அந்தஸ்துக்காக வைத்தது என்று நினைக்கிறார்கள். அது ஒரு மூக்கு.

அன்றைய பிட்ஸ்பர்க்கை நினைத்துப் பாருங்கள். வீட்டு அடுப்பிலிருந்து உருக்காலை வரை எங்கும் நிலக்கரி. தெரு மட்டத்தில் புகையும் கரியும். ஜன்னலைத் திறந்தால் மேஜை மேல் இருக்கும் வழக்குக் காகிதம் கறுத்துப்போகும். அதனால் கோபுரத்தின் உச்சியில், கொஞ்சமாவது சுத்தமான காற்று கிடைக்கும் உயரத்தில், அதை உள்ளே இழுக்க ரிச்சர்ட்சன் வழி வைத்தார். அந்தக் காற்று கோபுரம் வழியாகவே நிலவறைக்கு இறங்கி, அங்கிருந்து கட்டடம் முழுக்கப் போகும். பழைய காற்று வெளியேறப் பின்பக்கம் இரண்டு சின்னக் கோபுரங்கள். முன்னால் மூச்சை இழுத்துப் பின்னால் விடுகிறது.

முற்றமும் அதே யோசனைதான். கட்டடம் சுமார் 300 அடிக்கு 200 அடி. அவ்வளவு பெரிதை ஒரே திண்டாகக் கட்டினால் நடுவில் வெளிச்சமே வராது. நம் ஊர் நாலுகட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் அறைகள். கொஞ்ச காலம் அந்த முற்றத்தில் கார் நிறுத்தினார்கள். 1970களில் பூங்காவாக மாற்றி நீரூற்று வைத்தார்கள். ஜூரி டியூட்டிக்கு மறுபடி போனால் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். தெருப் பக்கத்தை விட முற்றத்துப் பக்கத்துச் சுவர்கள்தான் எனக்குப் பிடித்தவை. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கவும் அதுதான் சரியான இடம்.

---

நதிக்கரை எழுதியது:

மேற்குக்காற்று, மிக்க நன்றி. அன்று முற்றத்தை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இன்னொரு கேள்வி: பின்னால் ராஸ் தெருவுக்கு மேலே ஒரு மூடிய கல் பாலம் போகிறதே, அது என்ன?

---

கட்டுமானம்82 எழுதியது:

பெருமூச்சுப் பாலம். வெனிஸில் டோஜ் அரண்மனையையும் சிறையையும் இணைக்கும் பாலத்தின் பெயர்தான் இதற்கும் வந்தது. கைதியைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போகாமல் சிறையிலிருந்து நேராக நீதிமன்றத்துக்குக் கொண்டுவர அமைத்த வழி. வேலைக்காகத்தான் வைத்தது, ஆனால் ராஸ் தெருவில் நின்று பார்த்தால் ஒரே வளைவில் தெருவைத் தாண்டும் அந்தக் கல் உங்களை விடாது.

பாலத்தின் மறுமுனையில் இருக்கும் சிறையைப் பலர் கவனிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் ரிச்சர்ட்சனின் சிறந்த சுவர் அதுதான். அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது. மிகப் பெரிய கிரானைட் கற்கள், வரிசை வரிசையாக, அவ்வளவுதான். உள்ளே நடுவில் எண்கோணக் கூடம், அதிலிருந்து சிலுவை மாதிரி கிளை பிரியும் அறை வரிசைகள். நடுவில் ஒரு காவலர் நின்றால் எல்லாப் பக்கமும் கண்ணில் படும். 1904 முதல் 1908 வரை ஃபிரெடெரிக் ஆஸ்டர்லிங் அதைப் பெரிதாக்கினார். பழைய சுவர் எங்கே முடிகிறது, புதுச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு மரியாதையோடு சேர்த்திருக்கிறார்.

---

விசாலம் எழுதியது:

அந்தச் சிறையிலிருந்து தப்பித்த அண்ணன் தம்பி கதை உண்டே?

---

பழையவரைபடம் எழுதியது:

ஆமாம், எட், ஜாக் பிடில். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுக் காத்திருந்தவர்கள். சிறைக் கண்காணிப்பாளர் குடும்பத்துக்கு வீடு அந்த வளாகத்திலேயே இருந்தது. அவர் மனைவி கேத்தரின் சோஃபெல் இவர்களுக்கு ரம்பமும் துப்பாக்கியும் கொண்டுவந்து கொடுத்து, 1902 ஜனவரி 30 அன்று கூடவே கிளம்பிவிட்டார். பட்லர் கவுண்டிப் பக்கம் பனியில் துரத்திப் பிடித்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் அடிபட்ட சகோதரர்கள் இருவரும் இறந்தார்கள். கேத்தரின் பிழைத்துத் தண்டனை அனுபவித்தார். பெரிய சுவரும் எண்கோணக் கூடமும் எல்லாவற்றையும் யோசித்துக் கட்டியவை, வீட்டிலிருந்து வரும் ஒருவரைத் தவிர.

---

விசாலம் எழுதியது:

இப்போது அங்கே கைதிகள் இல்லை, குடும்ப நீதிமன்றம் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். மனதுக்கு ஒப்பவில்லை. மணமுறிவு, குழந்தை யாரிடம் இருப்பது என்று ஏற்கெனவே உடைந்துபோய் வருகிறவர்களை ஒரு சிறைச் சுவருக்குள் நடக்க வைப்பதா? எவ்வளவு அழகான சுவராக இருந்தாலும் சின்னக் குழந்தைக்கு அது பயமாகத்தானே இருக்கும்?

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

விசாலம் அக்கா, நீங்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நானும் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் 1995இல் இரண்டாம் அவென்யூவில் புதுச் சிறை திறந்ததும் பழையது காலியாக நின்றது. ஆள் புழங்காத கல் கட்டடம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கூரையில் தண்ணீர் இறங்கும், அப்புறம் பத்து வருடத்தில் ‘இடிப்பதே நல்லது’ என்று யாராவது அறிக்கை எழுதுவார்கள். சிகாகோவில் ஒன்றை இழந்தாயிற்று. 2000இல் குடும்ப நீதிமன்றமாக மாற்றியதால்தான் இந்தச் சுவர் நிற்கிறது. உள்ளே அறைகளை எடுத்துவிட்டு நடுக்கூடத்தைத் திறந்து வெளிச்சம் வர விட்டிருக்கிறார்கள். சிறை எப்படி இருந்தது என்று காட்ட ஒரு பகுதி அறைகளை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

---

விசாலம் எழுதியது:

இடிப்பதை விட இது மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழந்தையைப் பற்றிய என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

---

டொரொண்டோ_செல்வம் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். படங்களைத் தேடிப் பார்த்ததும் ‘இது எங்கள் ஊர்க் கட்டடம் ஆச்சே’ என்று தோன்றியது. டொரொண்டோ பழைய நகர மண்டபம் 1899இல் முடிந்தது, ஈ. ஜே. லெனக்ஸ் வரைந்தது. பெரிய கோபுரம், முற்றம், ரோமனஸ்க் வளைவுகள், அதிலும் பல காலம் நீதிமன்றம் நடந்தது. தொடர்பு உண்டா?

---

மேற்குக்காற்று எழுதியது:

நிச்சயம் உண்டு. பிட்ஸ்பர்க் கட்டடம் முடிந்ததும் வட அமெரிக்கா முழுக்க நகர மண்டபம், நீதிமன்றம் என்றால் இதே மாதிரி வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். மினியாபொலிஸ் நகர மண்டபம், லாஸ் ஏஞ்சலஸில் இருந்த பழைய கவுண்டி நீதிமன்றம் (அதை 1930களில் இடித்துவிட்டார்கள்) எல்லாம் இந்தக் குடும்பம்தான். ‘ரிச்சர்ட்சனிய ரோமனஸ்க்’ என்று அவர் பெயரிலேயே பாணி நிலைத்தது. உங்கள் ஊர் மண்டபத்தில் கோபுரம் ஒரு பக்கம் தள்ளி, பே தெரு நேராகப் பார்க்கும்படி நிற்கும். அது லெனக்ஸின் சொந்த யோசனை, எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

---

கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

பென் ஹில்ஸ் வெங்கடேசர் கோவிலுக்கு வெளியூரிலிருந்து வரும் நம் ஆட்கள் நிறையப் பேர். தரிசனம் முடிந்ததும் அப்படியே நெடுஞ்சாலையைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். கோவிலும் இதே கவுண்டிதான், டவுன்டவுன் பக்கம்தான். வார நாளில் வந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. உள்ளே போனதும் கீழே நிற்காதீர்கள், ஒரு மாடி ஏறிவிட்டு கிராண்ட் தெருப் பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கிருந்துதான் கட்டடம் தொடங்குகிறது.

---

நதிக்கரை எழுதியது:

நேற்று போய் வந்தேன். மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் கூட்டிப் போனேன். முழங்கால் வலி இருப்பதால் லிஃப்டில் போகலாம் என்று சொன்னேன், கேட்கவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார்கள். தெரு, குன்று, வெட்டு எதையும் நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

ஒரு மாடி ஏறியதும் தெருப் பக்கம் திரும்பி அந்தப் பெரிய வளைவுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, “வாசல் இங்கதானே இருந்திருக்கணும்? ஏன் கீழ வழியா கூட்டிட்டு வந்த?” என்று கேட்டார்கள்.

முற்றத்தில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சிறைச் சுவரைப் பார்க்க நேரம் இல்லை, அடுத்த வாரம் போகிறோம்.

---

கட்டுமானம்82 எழுதியது:

போகும்போது ராஸ் தெருவில் பாலத்துக்கு அடியில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். சாயங்கால வெயில் சிறைச் சுவரில் படும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. கல்லின் இளஞ்சிவப்பு அப்போதுதான் நன்றாகத் தெரியும்.